மதுவிலக்கில் முதலில் சாவது கள்

தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் 1959-ல் போட்ட விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதன் தலைப்பிலேயே மூன்று பொருட்களின் பெயர் வரும்: டீநேச்சர்டு ஸ்பிரிட் (குடிக்க முடியாதபடி வேறு பொருள் கலந்த ஆல்கஹால்), மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ். மேசை நாற்காலிக்குப் பூசுகிற பிரெஞ்சு பாலிஷைத்தான் வார்னிஷ் என்கிறார்கள். தச்சுப் பட்டறைச் சாமான் எப்படி மதுவிலக்குச் சட்டத்துக்குள் வந்தது? ஜனங்கள் அதைக் குடித்தார்கள், அதனால் வந்தது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தால் பாலிஷ். கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மூடிக் கிடந்த காலத்தில், பாலிஷுக்குள் இருக்கிற ஸ்பிரிட்டைத் தேடிப் போனவர்கள் இருந்தார்கள்.

மருந்துக்கடையிலும் இதே கதைதான். ஆல்கஹாலில் இறக்கிய இஞ்சிச் சாறு, அதாவது டிஞ்சர் ஜிஞ்சர், வயிற்று உப்புசத்துக்குச் சொட்டுக் கணக்கில் கொடுக்கிற மருந்து. அதைப் போதைக்காக வாங்க ஆரம்பித்தார்கள். தடை இல்லாத மாநிலத்தில் செய்த இப்படிப்பட்ட மருந்துகள் தடை உள்ள மாநிலங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. மாநிலம் விட்டு மாநிலம் போகும் அந்த வியாபாரத்தைக் கட்டுப்படுத்தவே நாடாளுமன்றம் 1955-ல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது.

இதையெல்லாம் குடிகாரனின் புத்தி என்று தள்ளிவிட்டுப் போவது சுலபம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் மதுவிலக்கு வந்த நாடுகள், மாநிலங்களின் கதையை அடுத்தடுத்துப் படித்தால் ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் லேசான பானம் காணாமல் போகிறது. அப்புறம் காய்ச்சிய சாராயம் மட்டும் மிஞ்சுகிறது. அப்புறம் தொழிற்சாலை ஸ்பிரிட் வருகிறது. கடைசியில் மெத்தனால், அதாவது மேலே சொன்ன மெத்தில் ஆல்கஹால் என்கிற விஷம். அமெரிக்காவில் இது நடந்தது. குஜராத்திலும் பீகாரிலும் நடந்தது. பாதித் தடை மட்டுமே இருக்கிற தமிழ்நாட்டில் இன்றைக்கும் நடக்கிறது. குடிக்கிறவனின் குணம் ஊருக்கு ஊர் வேறு. வரிசை மட்டும் மாறாமல் இருக்கிறதென்றால், தடை போட்டவுடன் மாறுகிற கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

கணக்கு இதுதான். 20 லிட்டர் பிடிக்கிற கேன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கள்ளில் சுமார் 5 சதவீதம் ஆல்கஹால் என்று வைத்துக்கொண்டால், கேன் நிறையக் கள் ஊற்றினாலும் உள்ளே இருக்கும் ஆல்கஹால் 1 லிட்டர். அதே கேனில் எரிசாராயம், அதாவது சுமார் 95 சதவீதம் ஆல்கஹால் உள்ள தொழிற்சாலை ஸ்பிரிட் ஊற்றினால் 19 லிட்டர். சோதனைச் சாவடியில் மாட்டுகிற பயம் இரண்டு கேனுக்கும் ஒன்றுதான், தூக்கிச் சுமக்கிற பாரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விவரமான கடத்தல்காரன் எதை ஏற்றுவான்? கள்ளுக்கு வேறு கஷ்டங்களும் உண்டு. காலையில் இறக்கியது பொழுது சாய்வதற்குள் நன்றாகப் புளித்துவிடும், வைத்திருந்து விற்க முடியாது. வாசனை காட்டிக்கொடுத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, பனைமரத்தையும் தென்னைமரத்தையும் ஒளித்துவைக்க வழியே இல்லை. பாளையில் கலயம் கட்டியிருப்பது கீழே போகிற எவருக்கும் தெரியும். எரிசாராயத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. கெடாது, தண்ணீர் மாதிரியே இருக்கும், விற்கிற இடத்துக்குக் கொண்டுபோன பிறகு தண்ணீர் கலந்து இரண்டு மடங்கு மூன்று மடங்காக்கிக்கொள்ளலாம்.

ரிச்சர்ட் கவன் என்ற அமெரிக்கர் 1986-ல் இதற்கு 'தடையின் இரும்பு விதி' என்று பெயர் வைத்தார். சட்டம் இறுக இறுகச் சரக்கின் வீரியம் ஏறும் என்பதுதான் விதி. அவர் எழுதியது போதைப் பொருட்களைப் பற்றி. ஆனால் அந்த விதிக்கு ஆகப் பெரிய சாட்சி அவருடைய நாட்டின் மதுவிலக்குக் காலம்.

அமெரிக்காவில் 1920 ஜனவரி 17 அன்று நாடு முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது, 1933 டிசம்பர் 5 அன்று போனது. அந்த நாட்டு அரசியல் சட்டத்தில் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்து, பிறகு இன்னொரு திருத்தத்தால் அதையே முழுதாக ரத்து செய்தது அந்த ஒரு விஷயத்தில்தான். அதைக் கொண்டுவந்தவர்களின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. சம்பளம் வாங்கிய கையோடு சலூன் என்கிற மதுக்கடைக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து அடிக்கிற புருஷன்மார்களிடம் பட்ட அனுபவத்திலிருந்து பெண்கள் கட்டிய இயக்கம் அது. கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கம் 1874-லேயே தொடங்கிவிட்டது. அரை நூற்றாண்டு பாடுபட்டு வாங்கிய சட்டம். ஆரம்பத்தில் பலனும் கொடுத்தது. பொருளாதார ஆய்வாளர்கள் பின்னால் போட்ட ஒரு மதிப்பீட்டின்படி, தடை வந்த புதிதில் குடி முன்பிருந்த அளவில் 30 சதவீதத்துக்கு இறங்கியது. சில வருடங்களில் 60, 70 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. அப்படிப் பார்த்தாலும் குறைந்தது குறைந்ததுதான்.

ஆனால் டம்ளரில் இருந்தது மாறிவிட்டது. தடைக்கு முன்னால் அமெரிக்க உழைப்பாளியின் பானம் பீர். பீர் என்பது கள் மாதிரி, பாரம் அதிகம், போதை குறைவு. பீப்பாய் ஏற்றிய லாரியை மறைத்து ஓட்ட வேண்டுமென்றால் ஊர்ப் போலீஸையே விலைக்கு வாங்கியாக வேண்டும். சிகாகோவில் அல் கபோன் கும்பல் அதைத்தான் செய்தது. அந்த அளவுக்குப் பணமும் துப்பாக்கியும் இல்லாத ஊர்களில் பீர் போய், அதன் இடத்தில் ஜின்னும் விஸ்கியும் வந்தன. சட்டத்தில் இருந்த ஓட்டைகள் வழியாகவும் நிறைய ஒழுகியது: டாக்டர் சீட்டுக்கு மருந்துக்கடையில் விஸ்கி, தேவாலயத்துக்குத் திராட்சை ரசம், வீட்டில் பிழிந்துகொள்ளத் திராட்சைப் பழம். சீட்டு எழுதிவாங்கக் காசு உள்ளவர்கள் அந்த வழியில் போனார்கள். காசு இல்லாதவர்கள் குடித்தது தொழிற்சாலை ஆல்கஹாலை.

இந்த இடத்தில்தான் அரசே விஷம் கலந்த கதை வருகிறது. பெயிண்ட், வாசனைத் திரவியம், மருந்து என்று எத்தனையோ தொழிலுக்கு ஆல்கஹால் வேண்டும், அதைத் தடை செய்ய முடியாது. அதனால் 1906-லிருந்தே ஓர் ஏற்பாடு இருந்தது. தொழிலுக்குப் போகிற ஆல்கஹாலில் குடிக்க முடியாத பொருளைக் கலந்துவிட்டால் வரி கிடையாது. டீநேச்சர்டு ஸ்பிரிட் என்பது அதுதான். மதுவிலக்குக் காலத்தில் கடத்தல் கும்பல்கள் வேதியியல் தெரிந்த ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்து, கலந்ததைப் பிரித்தெடுத்து விற்றன. அரசு என்ன செய்தது என்றால், பிரிக்கக் கஷ்டமான பொருட்களைச் சேர்த்து, மெத்தனாலின் அளவையும் கூட்டியது. 1926 கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க் ஆஸ்பத்திரிகளுக்கு வரிசையாக ஆட்கள் வந்தார்கள், சில நாட்களில் சுமார் 30 பேர் செத்தார்கள். நகரத்தின் தலைமைச் சவப் பரிசோதகராக இருந்த சார்லஸ் நாரிஸ் வெளிப்படையாகப் பேசினார். குடிப்பார்கள் என்று தெரிந்தே விஷம் கலக்கிற அரசுக்கு இந்தச் சாவுகளில் தார்மீகப் பொறுப்பு உண்டு என்றார். மதுவிலக்கு ஆதரவாளர்களில் ஒரு பகுதியினர், சட்டத்தை மீறிக் குடித்தவன் செத்தால் அது தற்கொலை என்று பதில் சொன்னார்கள். நூறு வருடம் கழித்து நம் நாட்டிலும் அதே பதில் வரும், அதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன்னால் இஞ்சிச் சாறு. நம் ஊர் டிஞ்சர் ஜிஞ்சரின் அமெரிக்கச் சகோதரனுக்கு 'ஜமைக்கா ஜிஞ்சர்' என்று பெயர், ஜனங்கள் செல்லமாக 'ஜேக்' என்றார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற பாட்டில், முக்கால் பங்கு ஆல்கஹால். மருந்து என்பதால் தடை செய்யவில்லை. ஆனால் போதைக்குக் குடித்துவிடக் கூடாதே என்று, வாயில் வைக்க முடியாத அளவுக்கு இஞ்சிச் சத்து இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். அதிகாரிகள் எப்படிச் சோதித்தார்கள் தெரியுமா? கொஞ்சம் சாற்றைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, அடியில் தங்கியதை எடை போட்டார்கள். எடை இருந்தால் இஞ்சி இருக்கிறது என்று அர்த்தம்.

வியாபாரிகளுக்கு இது போதுமானதாக இருந்தது. இஞ்சிக்குப் பதிலாக வெல்லப்பாகையும் விளக்கெண்ணெயையும் சேர்த்தால் காரம் இருக்காது, எடை மட்டும் இருக்கும். பாஸ்டன் நகரில் இரண்டு பேர் இன்னும் மலிவாக, வாசனையோ ருசியோ இல்லாமல், சோதனையில் சரியான எடை காட்டுகிற ஒரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். அரக்குப் பூச்சு போன்ற தொழில்களில் சேர்க்கிற ரசாயனம் அது, ட்ரை ஆர்த்தோ கிரெசைல் ஃபாஸ்பேட். அது நரம்பைத் தின்னும் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. 1930-ன் தொடக்க மாதங்களில் அமெரிக்காவின் தெற்கிலும் நடுப்பகுதியிலும் ஆயிரக்கணக்கான ஏழை ஆண்களுக்கு ஒரே மாதிரி வியாதி வந்தது. முதலில் கெண்டைக்காலில் வலி, அப்புறம் பாதம் தொங்கிவிடும். காலைத் தூக்கி வீசிப் பாதத்தைத் தட்டித் தட்டி நடக்க வேண்டும். பத்தாயிரக்கணக்கில் முடமானார்கள், பலருக்குக் கடைசிவரை சரியாகவில்லை. அந்த நடையைப் பற்றி அந்த வருடமே பாட்டுகள் பதிவாகின.

எனக்கு இந்தச் சம்பவம் மனதை விட்டுப் போவதே இல்லை. ஒவ்வொரு அடியிலும் யாரோ ஒருவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். விதி போட்டவர் குடியைத் தடுக்க நினைத்தார். சோதித்தவர் விதிப்படி எடை போட்டார். அந்த எடைக்காகவே விஷம் உள்ளே வந்தது. விதி இல்லாதிருந்தால் அந்த ரசாயனத்துக்கு அந்தப் பாட்டிலில் வேலையே இல்லை.

சரி, மெத்தனால் உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். மெத்தனாலும் நாம் மது என்கிற எத்தனாலும் பார்வைக்கும் வாசனைக்கும் கிட்டத்தட்ட ஒன்று. கடத்திக்கொண்டு வந்தவனுக்கே சமயத்தில் வித்தியாசம் தெரியாது, 'ஸ்பிரிட்' என்று வாங்குவான், 'ஸ்பிரிட்' என்று விற்பான். குடித்ததும் போதையும் வரும். கெடுதல் அப்புறம்தான். கல்லீரல் மெத்தனாலை முதலில் ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது, அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த அமிலம். அது ரத்தத்தில் சேர்ந்து உடம்பையே புளிக்க வைக்கிறது, கண் நரம்பை அழிக்கிறது. பனிமூட்டத்துக்குள் பார்ப்பதுபோல் இருக்கிறது என்று நோயாளிகள் சொல்வார்கள். 30 மில்லி சுத்த மெத்தனால் ஓர் ஆளைக் கொல்லப் போதும், கண் போக அதைவிடக் குறைவே போதும்.

இந்த அமிலம் சேர 12 மணி நேரம் முதல் ஒரு நாள் வரை ஆகும். கூடவே நல்ல சாராயமும் கலந்திருந்தால் இன்னும் தாமதமாகும், ஏனென்றால் கல்லீரல் எத்தனாலைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் மெத்தனால் விஷத்துக்கு எத்தனாலையே மருந்தாகக் கொடுப்பது இதனால்தான். ஃபோமிபிசோல் என்ற மருந்தும் உண்டு, ரத்தச் சுத்திகரிப்பும் செய்வார்கள். சீக்கிரம் போனால் பிழைக்கலாம். ஆனால் அந்த ஒரு நாள் தாமதம் இரண்டு விதத்தில் ஆளைக் கொல்கிறது. முதல் ஆள் குடித்துவிட்டு நன்றாகத்தானே நடமாடுகிறான் என்று அதே சரக்கை மற்றவர்களும் வாங்குகிறார்கள். மறுநாள் வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் என்று ஆரம்பிக்கும்போது, நேற்றுக் குடித்ததுதான் காரணம் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. தோன்றினாலும், டாக்டரிடம் சொல்லலாமா கூடாதா என்ற கேள்வி வருகிறது.

அந்தக் கேள்வி எவ்வளவு கொடியது என்று பீகாரில் பார்த்தோம். 2016 ஏப்ரல் 5 முதல் அங்கே முழு மதுவிலக்கு. குடிப்பதே குற்றம். ஆரம்பத்தில் வந்த சட்டம் கடுமையிலும் கடுமை. வீட்டில் பாட்டில் கிடைத்தால் வீட்டிலிருக்கிற வயதுவந்தவர்கள் எல்லோரையும் குற்றவாளியாக்க இடம் கொடுத்தது. அப்படியிருக்க, கண் மங்கிப்போனவன் ஆஸ்பத்திரியில் போய் என்ன சொல்வான்? 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் 70-க்கும் மேற்பட்டோர் செத்தபோது, வழக்குக்குப் பயந்து சிகிச்சைக்கு வராமல் இருந்தவர்களைப் பற்றியும், பிரேதப் பரிசோதனை இல்லாமல் எரித்துவிட்ட குடும்பங்களைப் பற்றியும் செய்திகள் வந்தன. குடித்தால் சாவான், இழப்பீடு கிடையாது என்று முதலமைச்சர் நிதீஷ் குமார் அப்போது சொன்னார். அமெரிக்க மதுவிலக்கு ஆதரவாளர்கள் அன்றைக்குச் சொன்ன அதே பதில். நான்கு மாதம் கழித்து, இன்னொரு சாராயச் சாவுக்குப் பிறகு, நிலையை மாற்றிக்கொண்டு குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் அறிவித்தார். வாங்குகிற குடும்பம் மதுவிலக்கை ஆதரிப்பதாக எழுதித் தர வேண்டும் என்பதும் நிபந்தனைகளில் ஒன்று.

பீகார் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைத்தால் நான் எழுதுவதில் நேர்மை இருக்காது. மதுவிலக்கு கேட்டவர்கள் அந்த மாநிலத்துக் கிராமப் பெண்கள். 2024-ல் லான்செட் குழும இதழில் வந்த ஓர் ஆய்வு, தடையால் அடிக்கடி குடிப்பவர்கள் சுமார் 24 லட்சம் பேர் குறைந்திருப்பார்கள், கணவனிடம் அடிபடும் நிகழ்வுகளும் சுமார் 21 லட்சம் குறைந்திருக்கும் என்று மதிப்பிட்டது. அடி வாங்காத ஒரு ராத்திரியின் அருமை அடி வாங்கியவளுக்குத்தான் தெரியும். மதுவிலக்கை வெறும் மூடத்தனம் என்று பேசுகிறவர்கள் அந்தப் பெண்ணுக்கு வேறு என்ன கொடுக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் பேச வேண்டும். அதே சமயம், 2019-20-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பீகார் ஆண்களில் 15.5 சதவீதம் பேர் குடிப்பதாகச் சொன்னார்கள். மதுக்கடைகள் திறந்திருந்த மகாராஷ்டிராவில் அது 13.9 சதவீதம்.

கைதான லட்சக்கணக்கானவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் தலித்துகள், மிகவும் பிற்படுத்தப்பட்ட சாதிக்காரர்கள், கூலிக்காரர்கள். சட்டத்தின் கீழ் முதல் தண்டனை வாங்கிய இருவருமே முசகர் என்ற தலித் சமூகத்துக் கூலித் தொழிலாளிகள். புருஷனை ஜெயிலுக்கு அனுப்பிய பிறகு, ஜாமீனுக்குக் கடன் வாங்கி அலைந்தவள் அந்த மனைவிதான். ஜாமீன் வழக்குகள் குவிந்து பாட்னா உயர் நீதிமன்றமே திணறியது. 2021 டிசம்பரில் அப்போதைய உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி என்.வி. ரமணா, தொலைநோக்கு இல்லாமல் சட்டம் எழுதுவதற்கு பீகார் மதுவிலக்கை உதாரணமாகக் காட்டினார். அடுத்த வருடம் சட்டத்தைத் தளர்த்தி, முதல் தடவை குடித்து மாட்டியவனை அபராதத்தோடு விடலாம் என்று ஆக்கினார்கள். போலீசுக்கும் ஆயத்தீர்வைத் துறைக்கும் இந்தத் தடை பணம் காய்க்கிற மரமாகிவிட்டது என்ற பொருளில் 2024-ல் அதே உயர் நீதிமன்றம் எழுதியது.

குஜராத் உருவான 1960-லிருந்தே மதுவிலக்கு மாநிலம். 2009-ல் அகமதாபாத்தில் 130 பேருக்கு மேல் செத்தார்கள். விஷச் சாராயத்தால் சாவு நேர்ந்தால் மரண தண்டனை வரை கொடுக்கலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். 2022-ல் போட்டாட் மாவட்டத்தில் மறுபடியும் 40 பேருக்கு மேல். இந்தத் தடவை தொழிற்சாலைக் கிடங்கிலிருந்து திருட்டுத்தனமாகப் போன மெத்தனாலில் தண்ணீர் கலந்து பொட்டலம் போட்டிருந்தார்கள். ஊறல் போட்டுக் காய்ச்சுகிற வேலைகூட இல்லை. காய்ச்சினால் புகை வரும், நாற்றம் வரும், இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும், மாட்டினால் தூக்கு என்கிற நிலையில் அவ்வளவு நேரம் யார் நிற்பார்கள்? தண்டனை கூடக் கூட வேலை சுருங்குகிறது, வேலை சுருங்கச் சுருங்கச் சரக்கு கெடுகிறது.

முழுத் தடைதான் வேண்டும் என்றில்லை. ஏழைகள் குடிக்கிறதை மட்டும் நிறுத்தினாலும் போதும், இந்தச் சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிடும். கேரளத்தில் 1996-ல் சாராயம் தடையானது, 2000-ல் கல்லுவாதுக்கல்லில் 30-க்கும் மேற்பட்டோர் விஷச் சாராயத்துக்குப் பலியானார்கள். கர்நாடகம் 2007 ஜூலையில் பாக்கெட் சாராயத்தை நிறுத்தியது. பத்தே மாதத்தில், 2008 மே மாதம், பெங்களூரு சுற்றுவட்டாரத்திலும் எல்லை தாண்டி ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புதைத்தோம்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள்ளுக்கடை ஏலத்தில் வந்த வருமானம் போய்விட்டது, அதை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார்கள். இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரி அது. இன்றைக்கு மளிகைக்கடை பில்லில் நிற்கிற ஜிஎஸ்டிக்கு வம்ச வரிசை பிடித்தால், சேலத்துக் கள்ளுக்கடைகளை மூடிய இடத்தில் போய் நிற்கும். 1948-ல் ஓமந்தூரார் காலத்தில் சென்னை மாகாணம் முழுக்கத் தடை வந்தது. 1971-ல் கருணாநிதி அரசு தளர்த்தியது, 1973, 74-ல் மறுபடி மூடியது. 1981-ல் எம்.ஜி.ஆர். அரசு கள், சாராயக் கடைகளைத் திறந்தது. 1983-ல் டாஸ்மாக் வந்தது. இத்தனை திறப்புக்கும் மூடலுக்கும் நடுவில், நீண்ட காலத்துக்குத் தீர்மானமாக அமைந்தது 1987 ஜனவரி 1. அன்றுமுதல் கள்ளும் சாராயமும் தடை, சீமைச் சரக்கு மட்டும் அனுமதி. நடுவில் 1990-ல் மலிவு விலை மது வந்து அடுத்த வருடமே போனது. கள்ளின் மீதான தடை மட்டும் நகரவே இல்லை.

அந்த நாளில் என்ன நடந்தது என்று ஆல்கஹால் கணக்கில் பாருங்கள். 5 சதவீதக் கள் குடித்துக்கொண்டிருந்த கிராமத்து ஆளுக்குச் சட்டப்படி கிடைக்கிற போதை பெரும்பாலும் 42.8 சதவீத பிராந்தி என்றாகிவிட்டது. கள்ளில் இதே போதை வேண்டுமென்றால் வயிறு முட்டக் குடிக்க வேண்டும், வயிறே ஒரு கட்டத்தில் நிறுத்திவிடும். குவாட்டர் பாட்டிலுக்கு அந்தத் தடுப்பு இல்லை, ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். கள் குடித்துக் கெட்டவன் கிடையாது என்று நான் சொல்லவில்லை. கள்ளை எதிர்த்துத்தான் பெரியார் 1920-களின் தொடக்கத்தில் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். ஆனால் வீரியம் குறைந்த பானத்தைக் குற்றமாக்கி வீரியம் கூடிய பானத்தை அரசுக் கடையில் விற்பது, குடியைக் குறைக்க நினைக்கிறவர் செய்கிற காரியம் இல்லை என்று உறுதியாக நினைக்கிறேன். 2003-ல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது. 2023-24-ல் அதன் வழியாக அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

அந்தப் பணம் யாரிடமிருந்து வருகிறது, கொடுக்க முடியாதவர் என்ன செய்கிறார் என்று கேட்டால் கள்ளக்குறிச்சிக்குப் போக வேண்டும். 2024-ல் குவாட்டர் விலை குறைந்தபட்சம் 140 ரூபாய். கருணாபுரத்தில் சுமை தூக்குகிறவர்களும் கூலி வேலைக்குப் போகிறவர்களும் வாங்கிய பாக்கெட் சாராயம் அதில் பாதி விலைகூட இல்லை. அந்த ஜூன் மாதம் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெண்களும் அதில் உண்டு. முதலில் இறந்தவர்களின் துக்கத்துக்கு வந்தவர்களே அதே சரக்கைக் குடித்தார்கள் என்று செய்திகள் வந்தன. ஒரு நாள் தாமதமாக வேலை செய்கிற விஷத்தைப் பற்றி மேலே சொன்னது இப்படித்தான் நடக்கிறது. அதற்கு ஒரு வருடம் முன்னால்தான் மரக்காணம், மதுராந்தகம் பக்கத்தில் 20-க்கும் மேற்பட்டோரை இழந்திருந்தோம். கள்ளக்குறிச்சிக்குப் பிறகு மாநிலச் சட்டத்தைத் திருத்தி, தண்டனையை ஆயுள் சிறை வரை கூட்டினார்கள், அபராதத்தையும் லட்சக்கணக்கில் உயர்த்தினார்கள். குஜராத் 2009-க்குப் பிறகு நடந்த அதே பாதை.

மெத்தனால் தொழிற்சாலையிலிருந்து கிளம்பி பாக்கெட்டுக்கு வந்துசேர்கிற வழியில் எத்தனையோ கிடங்குகள், டேங்கர்கள், கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. காவல் போட வேண்டிய இடம் அது. மலையடிவாரத்தில் ஊறல் பானையை உடைத்து போட்டோ எடுப்பதைவிட அது சிரமமான வேலை, பெயரும் வராது. ஆனால் ஊறல் பானையில் இருப்பது புளித்த வெல்லமும் பட்டையும். பத்துப் பேர் கண்ணைப் பறிக்கிற பொருள் கிடங்கிலிருந்துதான் வருகிறது.

பனையேறிகளுக்கு இதற்கிடையில் நடந்தது சத்தமில்லாத விஷயம். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறுகிற ஆள் ஒன்று. சுண்ணாம்பு கொஞ்சம் குறைந்துவிட்டால் வழக்கு. பதநீருக்குச் சீசன் சில மாதம்தான், கருப்பட்டி காய்ச்ச விறகும் வீட்டுப் பெண்களின் முழு நாள் உழைப்பும் வேண்டும். கையில் நின்ற காசு கள்ளில்தான் வந்தது, அது போனதும் பிள்ளைகளை வேறு வேலைக்கு அனுப்பினார்கள். ஏற ஆள் இல்லாத மரம் செங்கல் சூளைக்குப் போனது. தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. 2021-ல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்து, 76 லட்சம் பனை விதைகளும் கொடுப்பதாகச் சொன்னார்கள். நல்ல காரியம். விதைத்த பனை பாளை விட 12 வருடத்துக்கு மேல் ஆகும். அந்தப் பாளையைச் சீவக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்களுக்கு இப்போதே வயது அறுபதைத் தாண்டிவிட்டது.